எதிர்காத்துக்கு ஒரு மணி நேரம்

காலை லேசா அந்தப் பக்கம் ஒதுக்கி வச்சுக்கிடுங்க தம்பி. சாக்குக்குள்ள பேட்டரி இருக்கு. மேல பட்டா ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க. ஆசிட்டு வெளிய வராது, மூடி வச்ச சாமான். கனம்தான். வீட்டுல இருந்து மெயின் ரோட்டு விலக்கு வரைக்கும் சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டாந்து, பஸ்ஸுல ஏத்துறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு. கண்டக்டர் வேற லக்கேஜ் போடணுங்காரு. கோழி கொண்டு போறவனுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, பேட்டரிக்குத்தான் லக்கேஜாம்.

நீங்க எங்க இறங்குதிய? ஆலங்குளமா.

சரி. நான் திருநேலி ஜங்ஷன் போறேன். அங்கன ஒருத்தன் செத்த பேட்டரியையும் எழுப்பிருவான்னு சொன்னாவ. தென்காசில ஒருத்தன்கிட்ட காட்டினேன், அவன் கைய விரிச்சிட்டான். அவன் என்னத்தக் கண்டான். சின்னப் பய. பேட்டரிய தூக்கிப் பாக்கான், தட்டிப் பாக்கான், என்னையப் பாக்கான். வைத்தியன் மாதிரி உதட்டப் பிதுக்குதான்.

அந்தா, இடது பக்கம் பாருங்க, நீலப் போர்டு போட்ட ஜெராக்ஸ் கடை. பாத்தியளா? அதுலதான் என் மவ வேலை பாத்தா. கோமதி. கம்ப்யூட்டர்ல அப்ளிகேஷன் அடிச்சுக் குடுக்கது. பட்டா, சாதிச் சான்று, பரீச்சைக்கு எழுதிப் போடுறது எல்லாம் அவதான். அவ இருந்தா கடையில கூட்டம் நிக்கும். இப்பப் பாருங்க, ஈ ஓட்டுதான்.

அவளுக்கு ரெண்டு காலும் சின்னதுலயே போச்சு. காய்ச்சல்னு படுத்தா, எழுந்திரிக்கும்போது காலு இல்ல. காலு இருக்கு, பெலன் இல்ல. அவ அம்மையும் சீக்கிரமே போய்ச் சேந்துட்டா. அப்புறம் நான்தான். தலை பின்னி விட்டதுல இருந்து நான்தான். கோணல் மாணலாத்தான் பின்னுவேன், ஆனா நான்தான பின்னுனேன். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல வச்சு மிதிச்சேன். வேலைக்குப் போறேன்னு சொன்னா, சரின்னு பேட்டரி வண்டி எடுத்துக் குடுத்தேன். மூணு சக்கரம், செவப்பு நிறம், முன்னால கூடை. என் சொந்தக் காசு. இத எந்த அப்பன் செய்வான் சொல்லுங்க.

வண்டிய வாங்கிக் குடுத்தா ஆச்சா? சார்ஜ் யாரு போடுதது?

ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. பேட்டரிக்கு எவ்வளவு நேரம் சார்ஜ் போடணுங்கது இந்த ஏரியாவுல ஒருத்தனுக்கும் தெரியாது. ராத்திரி சொருகுவான், காலையில பிடுங்குவான். கேட்டா ஃபுல்லுங்கான். கணக்கு இருக்கு தம்பி. பேட்டரி மேல இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கு. அது எவ்வளவு புடிக்குங்கது. சார்ஜர்ல நாலுன்னு எழுதியிருக்கு. அது மணிக்கு எவ்வளவு ஏத்துங்கது. வகுத்தா ஏழு. சூடாகி வீணாப் போறதுக்கு ஒண்ணு சேத்துக்கிடுங்க. சுத்தமா காலியான பேட்டரி நெறைய எட்டு மணி நேரம். அவ்வளவுதான். இதுக்கு காலேஜு போகணுமா?

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கிய. எங்க ஊரு மேல்நிலைத் தொட்டிக்கு தண்ணி ஏத்துத ஆளு நான். பஞ்சாயத்து வேலை. வெள்ளப்பாண்டின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, தண்ணி தொறக்கவர்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வீட்டக் காட்டும். தொட்டி எவ்வளவு புடிக்கும், மோட்டார் மணிக்கு எவ்வளவு தள்ளும், வகுத்தா நேரம். ரெண்டும் ஒரே கணக்குதான். இத்தன வருசத்துல தொட்டிய ஒருநாள் வழிய விட்டிருக்கேனா? ஊருல கேட்டுப் பாருங்க. எந்தத் தெருவுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஏத்துவேன், அவ்வளவு தொறப்பேன், அடைச்சிருவேன். கூட விட்டா வீணாக்குவாவ. வாசல் தெளிக்கேன்னு தெருவையே நனைப்பாவ. கையில கெடைச்சா எவனும் அளவா இருக்க மாட்டான்.

அதே மாதிரிதான் வண்டிக்கும். வீட்டுல இருந்து விலக்குக்குப் போயிட்டு வர எவ்வளவு வேணும்? மூணு மணி நேரம் போட்டா போதும். அவ்வளவுதான் போடுவேன். சாயங்காலம் மோட்டார நிறுத்திட்டு வந்து, கை கால கழுவிட்டு, பீரோவத் தொறந்து சார்ஜர எடுத்து மாட்டுவேன். மூணு மணி ஆனதும் கழட்டி திருப்பி பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். ஏன் பூட்டணும்னுதான பாக்கிய? பல்லி கில்லி ஏறி மூத்திரம் பெஞ்சா ஷார்ட் ஆயிரும்லா. சாவி என் அரணாக்கயித்துல கெடக்கும். இந்தா, இப்பவும் கெடக்கு.

அவ சில நேரம் கேப்பா. "எப்பா, ஒருநாளு ஃபுல்லா போடுங்களேன்." நான் கேப்பேன், "எதுக்கு? விலக்குக்குப் போயிட்டு வரத்தான வண்டி?" நல்ல பிள்ளை. எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல.

கணக்கு எப்படி நிக்கும்னு நினைக்கிய? வண்டியில மூணு லைட்டு இருக்கு. பச்சை, மஞ்சள், செவப்பு. சாயங்காலம் அவ வாசல்ல வந்து நிக்கும்போது கரெக்டா செவப்பு எரியும். தினமும். தெரு முக்குல எரியாது, வாசல்ல எரியும். எனக்கு அதப் பாக்கதுக்கே ஆசையா இருக்கும். அவளுக்கு முகமெல்லாம் வேர்த்திருக்கும். "பாத்தியாட்டி அப்பன் கணக்க?"ன்னு கேப்பேன். சிரிக்க மாட்டா. பிடிச்ச பிடிய விடாம லைட்டையே பாப்பா. நாள் பூரா டைப் அடிச்சா அசதியா இருக்காதா.

ஒரே ஒரு தடவை வழியில நின்னு போச்சு. புளியமரத்துக்கிட்ட. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினா, நான் போய் தள்ளிக்கிட்டு வந்தேன். வரும்போதே எனக்குள்ள ஒரு கேள்வி. விலக்குக்குப் போயிட்டு வர சார்ஜுக்கு, எப்படி வழியில நிக்கும்? கேட்டேன். கூடப் படிச்சவ பிள்ளை பெத்துருக்கா, பாத்துட்டு வந்தேன்னு சொன்னா. அப்படிச் சொல்லிட்டுப் போலாம்லா? சொன்னா அரை மணி நேரம் கூடப் போட மாட்டேனா? நான் என்ன கொடுமைக்காரனா?

அதுல இருந்து அவ எங்கயும் போகல.

ஏன் தம்பி வெளியவே பாக்கிய? காத்தா? ஆமா, இந்தப் பக்கம் இப்ப இதான். செங்கோட்டைக் கணவாய் வழியா புகுந்து வரும். அந்தக் கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் பாருங்க, கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்துது. மேற்க இருந்து கெழக்க அடிக்கும். எங்க ஊருல இருந்து விலக்கு கெழக்க. விலக்குல இருந்து ஆலங்குளமும் கெழக்க. வீட்டுக்கும் விலக்குக்கும் எவ்வளவு தூரமோ, விலக்குக்கும் ஆலங்குளத்துக்கும் அதவிடக் கொஞ்சம் கூட. இத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால வரும்.

போன தை மாசம் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். ரத்தினகுமார்னு பேரு. ஆலங்குளத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். கடைக்கு சாமான் வாங்க தென்காசி போற வழியில ஜெராக்ஸ் கடையில பழக்கமாம். அவனும் மூணு சக்கர வண்டிதான். ஒரு காலு இல்ல. ஆக்ஸிடென்டு. அவன் அம்மையக் கூட்டிக்கிட்டு, பூ பழம் வச்சு, முறையாத்தான் வந்தான். குறை சொல்ல மாட்டேன். "மாமா"ன்னு கூப்பிட்டான். எனக்கு எரிச்சலா வந்துச்சு.

நான் கேட்டேன், "உனக்கு ஒரு காலு இல்ல, இவளுக்கு ரெண்டு காலும் ஆகாது. ஒருத்தர் விழுந்தா ஒருத்தர் யாரு தூக்குவா?" அவன் சொல்லுதான், "விழாம பாத்துக்கிடுவோம் மாமா." பேச்சப் பாருங்க. நான் சொல்லிட்டேன், என் உடம்புல உசுரு இருக்கிற வரைக்கும் என் பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன், எந்திரிச்சுப் போங்கன்னு. போறதுக்கு முன்னால அவன் அந்த வண்டிய ஒரு பார்வை பாத்தான். குனிஞ்சு லைட்ட பாத்தான். "சார்ஜர் எங்க இருக்கு?"ன்னு கேட்டான். நான் எதுக்குச் சொல்லணும்? சொல்லல. கோமதி பீரோவப் பாத்தா. அவன் அவளப் பாத்தான். அதோட போயிட்டான்.

அப்புறம் அவ அவனப் பத்தி ஒரு பேச்சு எடுக்கல. மறந்துட்டான்னு நினைச்சேன். மறந்துட்டாதான். இல்லன்னா வாய் திறந்து சொல்லிருக்க மாட்டாளா?

இந்த ஆனி பொறந்து காத்து கிளம்புச்சு. ஒருநாள் சாயங்காலம் அவளா சொன்னா. "காத்து பலமா இருக்குப்பா." அவ்வளவுதான் சொன்னா. நானா யோசிச்சேன். போகும்போது பின்காத்து, தள்ளிக்கிட்டுப் போயிரும். வரும்போது எதிர்காத்து. வண்டி முக்கும். சார்ஜு கூட குடிக்கும். பாவம், பிள்ளை வழியில நின்னா என்ன செய்வா? அதனால நானா, நல்லாக் கேளுங்க, நானா ஒரு மணி நேரம் சேத்துப் போட்டேன். எதிர்காத்துக்கு ஒரு மணி நேரம். அவ வந்து சேரணுமேன்னு. என் அடிவயித்துல இருந்து நினைச்சுப் போட்டேன் தம்பி.

மறுநாள் காலையில கிளம்புனா. எப்பவும் கட்டுத நூல் சேலைதான். கூடையில சோத்து டப்பா, தண்ணி பாட்டில், ஒரு பை. பையி கொஞ்சம் பெருசுதான். கடையில ஏசி போட்டிருக்கான், குளிருதுன்னு போர்வை கொண்டு போறாளோன்னு நினைச்சேன். நான் வேப்பங்குச்சிய வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கேன். வண்டிய எடுத்துட்டு, ஒரு நிமிசம் நிறுத்தினா. திரும்பிப் பாத்து சொன்னா.

என்ன சொன்னாங்கதுதான் இப்ப பிரச்சினை.

"போயிட்டு வாரேன்ப்பா"ன்னுதான் சொல்லிருப்பா. தினமும் அதுதான சொல்லுவா? எவளாவது வீட்டுல இருந்து இறங்கும்போது போறேன்னு சொல்லுவாளா? சின்னப் பிள்ளைக்கே தெரியும், அப்படிச் சொல்லக் கூடாதுன்னு. நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஆனா என் காதுல "போறேன்ப்பா"ன்னு விழுந்துச்சு. காத்து தம்பி. அன்னைக்கு அப்படிக் காத்து. பின் வார்த்தைய காத்து தூக்கிட்டுப் போயிட்டு. நான் அப்படித்தான் நினைக்கேன். நீங்க என்ன நினைக்கிய?

சாயங்காலம் வரல. வாசல்ல நிக்கேன், செவப்பு லைட்டும் இல்ல, வண்டியும் இல்ல. எதிர்காத்து, வழியில நின்னுருக்கும்னு சைக்கிள எடுத்தேன். சார்ஜரையும் பையில போட்டுக்கிட்டேன், எந்த வீட்டுலயாவது சொருகிக்கிடலாம்னு. புளியமரம் பாத்தேன், பாலம் பாத்தேன். விலக்குல ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்லுதான், இன்னைக்கு வேலைக்கே வரலையே அண்ணாச்சி, இந்த வழியா கெழக்க போறதப் பாத்தேன்னு. கெழக்கயா? கெழக்க போக சார்ஜு ஏது? விலக்குக்குப் போயிட்டு வரத்தான போட்டிருக்கேன்? எனக்கு வெளங்கவே இல்ல தம்பி. அவன் பொய் சொல்லுதான்னு நினைச்சேன். சும்மா பாத்துட்டு வருவோம்னு கெழக்க மிதிச்சேன்.

ஆலங்குளத்துல அவன் கடை வாசல்ல வண்டி நிக்கி. வண்டிச் சாவி அதுலயே கெடக்கு, திருப்பினா செவப்பு லைட்டு எரியுது.

என் கணக்கு ஒரு மயிரிழை தப்பல பாத்தியளா. வாசல்ல போய் நிக்கும்போது கரெக்டா செவப்பு. வாசல்தான் வேற.

உள்ள அவ ஸ்டூல்ல உக்காந்திருக்கா. அவன் அம்மை காப்பி ஆத்திக் குடுக்கா. என்னையப் பாத்ததும், "எப்பா, உள்ள வாங்க, வேர்த்து வடியுது, தண்ணி குடிங்க"ன்னா. நான் உள்ள ஏறல. ரோட்டுல நின்னுக்கிட்டே கேட்டேன், "எப்படிட்டி வந்த? சார்ஜு பத்தாதே?" எனக்கு அதுதான் முதல்ல வாயில வந்துச்சு. அவ சொன்னா, "திரும்பி வரதுக்கு உள்ளதையும் சேத்து வரதுக்கே ஓட்டிட்டேன்ப்பா."

அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் போட்டதெல்லாம் போயிட்டு வர கணக்கு. திரும்பி வர வேண்டாம்னா அதே சார்ஜுல ரெண்டு மடங்கு தூரம் போலாம். மிச்ச தூரத்துக்கு, எதிர்காத்துக்குன்னு போட்டேனே ஒரு மணி நேரம், அது ஆச்சு. பின்காத்து வேற தள்ளிருக்கு. இத நான் எப்படி யோசிக்காமப் போனேன்? தொட்டி கணக்குல இப்படி ஒரு வழி கெடையாதே தம்பி. ஏறுன தண்ணி இறங்கித்தான ஆகணும்?

பையில இருந்து சார்ஜர எடுத்து நீட்டினேன். "இந்தா, சொருகு. ஆறு மணி நேரம் போட்டா எதிர்காத்துலயும் வீட்டுக்கு வந்துரலாம். நான் காத்திருக்கேன்"னு சொன்னேன். அவ கண்ணுல இருந்து தண்ணி வருது. ஆனா வாங்கல. நானும் நீட்டிக்கிட்டே நிக்கேன். ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் பாக்கான். கடைசில கை வலிச்சு நான்தான் மடக்கிக்கிட்டேன்.

பொறவு கோயில்ல வச்சு மால மாத்திக்கிட்டாவளாம். சொல்லி அனுப்பினா, நான் போகல. போவனா? பதிலுக்கு ஒரு ஆள் விட்டேன், என் வண்டிய அனுப்புன்னு. வண்டி இல்லன்னா என்ன செய்வா? ஒருநாளு ரெண்டுநாளு ஒரு இடத்துல கெடந்து பாப்பா, அப்புறம் எப்பா, வண்டி வேணும்னு வந்துதான ஆகணும்? மறுநாளே மினி லாரில ஏத்தி அனுப்பிட்டா தம்பி. தொடச்சு, கூடையில புதுசா துணி விரிச்சு, அனுப்பிட்டா. ஒரு வார்த்தை சொல்லி விடல.

இப்ப வேற வண்டி ஓட்டுதாளாம். அவன் வாங்கிக் குடுத்தானாம். ராத்திரி பூரா சொருகியே போட்டிருப்பாவளாம். அறிவு இருக்கா?

நான் அந்த வண்டிய வீட்டுல ரெடியா வச்சிருக்கேன். என்னைக்கு வந்தாலும் எடுக்கணும்லா. முதல் தடவையா, அவ கேட்ட மாதிரியே, ஃபுல்லா போடுவோம்னு எட்டு மணி நேரத்துக்குச் சொருகினேன். அரை மணியிலயே பச்சை வந்துட்டு! எனக்குச் சந்தோசம் தாங்கல. ஏறி உக்காந்து ஓட்டிப் பாத்தேன். தெரு முக்கு தாண்டல, செவப்பு. நின்னு போச்சு. திருப்பித் தள்ளிக்கிட்டு வந்து மறுபடி சொருகுதேன், மறுபடி பச்சை. ஓட்டுனா தெரு முக்குல செவப்பு. தினமும் இதே கூத்துதான்.

நாலு பேட்டரில ஒண்ணக் கழட்டித்தான் தென்காசிக்குக் கொண்டு போனேன். என் தொட்டிக் கணக்கச் சொன்னேன். அதுக்கு அந்தப் பய சொல்லுதான், "பெரியவரே, தினமும் கொறையாவே சார்ஜ் போட்டுருக்கிய. உள்ள தகட்டுல உப்புப் படிஞ்சு போச்சு. இது தண்ணித் தொட்டி இல்ல, அரைகுறையா வச்சா அப்படியே இருக்கதுக்கு. முழுசா ஏத்திக்கிட்டே இருந்தாத்தான் உசுரோட இருக்கும். இனி நீங்க எத்தன மணி நேரம் போட்டாலும் ஏறாது." எப்படிப் பேசுதான் பாருங்க. கம்பெனிக்காரன் மட்டமான சாமான போட்டுருக்கான், அதச் சொல்ல மாட்டான், என்னையச் சொல்லுதான். அளவாப் போட்டா கெட்டுப் போகுமாம்! அளவா இருந்து எதுவும் கெட்டுப் போகுமா தம்பி?

அதான் ஜங்ஷன் போறேன். அவனும் கைய விரிச்சா மதுரைக்குக் கொண்டு போவேன். வண்டி மட்டும் சரியாயிட்டுன்னா அவ வராம என்ன செய்வா? என்ன இருந்தாலும் அவ வண்டிலா.

வீட்டுல இருக்க முடியல தம்பி. வெறிச்சுனு கெடக்கு. ஊருக்கே தண்ணி அளந்து விடுதவன், ஒத்த ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு தெரியல. ரெண்டு ஆளுக்குப் பொங்கியே கை பழகிட்டு. மிச்சத்துல தண்ணி ஊத்தி வைக்கேன், காலையில அதையும் திங்க முடியல. சாயங்காலம் ஆனா வாசல்ல போய் நிக்கேன். செவப்பு லைட்டு தெரியுதான்னு பாக்கேன். பைக்குக்காரன் எவனாவது பின்லைட்ட போட்டுட்டுப் போனாக்கூட ரெண்டு எட்டு முன்னால வச்சிருதேன். எனக்கு அழணும் போல இருக்கு, இந்த வயசுல யாருகிட்ட போய் அழ?

ஆலங்குளம் வந்துட்டோ? ஆமா, வந்துட்டு. நீங்க ஜன்னல் பக்கம் இருக்கிய, ஒரு உதவி செய்யுங்க. வலது பக்கம் மெடிக்கல் கடை, அத அடுத்து செல்போன் கடை. வாசல்ல வண்டி நிக்கான்னு மட்டும் பாருங்க. நான் பாக்க மாட்டேன்.

நிக்கா? என்ன நிறம்? பச்சையா? செவப்பு அவளுக்குப் பிடிக்காதா என்ன? வயரு சொருகியிருக்கா? கடைக்குள்ள இருந்து நீட்டி இழுத்திருக்காவளா. பட்டப்பகல்லயுமா. உள்ள ஆளு இருக்கா? சரி சரி, வேண்டாம், பாக்காதீங்க. அவ பாத்துரப் போறா.

இறங்குங்க, இறங்குங்க, பஸ்ஸ எடுத்துருவான். சாக்கு காலுல தட்டிராமப் பாத்துப் போங்க. நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்ன. என்னையப் பாத்ததாவே சொல்ல வேண்டாம்.

என்ன தம்பி? என்ன சொன்னிய?

போயிட்டு வாரேன்னா?

முன்னப் பின்னத் தெரியாத ஆளு நீங்க. இனி என்னைய எங்க பாக்கப் போறிய? ஆனாலும் வாயில அதுதான வருது.

சரி, போயிட்டு வாங்க.

இந்த எஞ்சின் இரைச்சல்லயும், இந்தக் காத்துலயும், தெளிவாத்தான் கேக்கு.